குரோமும் குரோமோசோமும்

ஏலகிரிக்கு நான் போனது நாவல் எழுத. எழுதினேனா என்று மட்டும் கேட்காதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் ஏறி இறங்கிய பஸ் என்னைவிட அதிகம் உழைத்தது. நான் செய்த உருப்படியான காரியம், தங்கியிருந்த வீட்டைக் காவல் காத்த பெரியவருடன் சாயங்காலங்களில் பேசிக்கொண்டிருந்ததுதான். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் 30 வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் பாய்; எனக்கும் பாய்தான்.

ஒரு நாள் மலை விளிம்பில் நின்று, கீழே விளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டார்:

"சார், எங்க அண்ணனும் டேனரியிலேதான் இருந்தார். நுரையீரல்லே புத்துநோய். ஆஸ்பத்திரியிலே சதை எடுத்துப் பார்த்தாங்க. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. அந்தச் சதையை இன்னும் மெழுகிலே பொதிஞ்சு வெச்சிருக்காங்களாம். குரோமாலே வந்த நோயா இல்லையான்னு அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

கல்லூரியில் இரண்டு வருஷம் விலங்கியல் படித்த புண்ணியம் எனக்கு உண்டு. அது இந்தக் கேள்விக்குப் போதாது. வேலூருக்கு இறங்கி, டாக்டர் நண்பர் ஒருவரின் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தேன், புத்தகங்களையும் புரட்டினேன். அப்போது தெரிந்துகொண்ட கதை இது.

முதலில் ஒரு வேடிக்கை. குரோமியம் என்ற உலோகத்தைப் பிரெஞ்சுக்காரர் வோக்லான் 1797-ல் கண்டுபிடித்தார். அதன் உப்புக்கள் பல வர்ணங்களில் மின்னியதால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக்கினார்கள். உயிரணுவின் கருவிலுள்ள இழைகள் சாயத்தை இழுத்துக்கொள்வதைக் கண்டு, 1888-ல் ஜெர்மானியர் வால்டேயர் அதே சொல்லிலிருந்து குரோமோசோம் என்று பெயரிட்டார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆண்ட நம் ராஜ்யத்தில், 1903-ல் சென்னையில் சாட்டர்டன் துரை குரோம் தோல் சோதனையைத் தொடங்கினார். நம் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததும் ஒரு குரோம் தோல் கம்பெனிதான். ஆக, பாயின் கேள்வியில் இருந்த இரண்டு சமாசாரங்களும் பெயரளவில் உடன்பிறப்புக்கள்!

புற்றுநோய்த் திசுவில் அணுக்கள் கோணல்மாணலாகப் பிரிவதை ஹான்ஸெமான் என்ற ஜெர்மானியர் 1890-லேயே கவனித்தார். அவருக்குப் பின் வந்த போவேரி கடல் முள்ளெலியின் முட்டைகளோடு மல்லாடியவர். ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்தால், அது இரண்டாகப் பிரியாமல் மூன்று நான்காகப் பிரிந்துவிடும். பாகப்பிரிவினையில் குளறுபடி, ஒரு பங்காளிக்கு அதிகம், ஒருவனுக்குக் குறைவு. அப்படிப் பிறந்த அணுக்கள் நிலைகெட்டுப் போவதை 1902-ல் எழுதினார். புற்றுநோயும் இப்படிப்பட்ட தவறான பங்கீட்டிலிருந்தே பிறக்கலாம் என்று 1914-ல் ஒரு புத்தகமே போட்டார். மறு வருஷம் காலமானார்.

யோசனை பிரமாதம். நிரூபிக்கத்தான் வழியில்லை. மனித அணுவில் எத்தனை குரோமோசோம் என்றே யாருக்கும் சரியாகத் தெரியாது! நூல்கண்டைப் பூனை கலைத்தது போல அவை ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். 1923-ல் பெயின்டர் 48 என்றார்; உலகம் தலையாட்டியது. டெக்ஸாஸில் சூ என்ற சீன விஞ்ஞானியின் ஆராய்ச்சிசாலையில், யாரோ உப்புக் கரைசலில் தண்ணீரை அதிகமாகக் கலந்துவிட்டார்கள். அதில் அணுக்கள் உப்பின. இழைகள் அழகாகப் பிரிந்து விரிந்தன. 1952-ல் சூ அதை எழுதினார். விந்தை என்னவென்றால், கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்தும் அவரும் 48 என்றே எழுதினார்! சாஸ்திரத்தின் பிடி அப்படி. 1956-ல் ஜாவாவில் பிறந்த ட்ஜியோவும், ஸ்வீடன் நாட்டு லெவானும்தான் 46 என்று துணிந்து சொன்னார்கள். பிரிந்துகொண்டிருக்கும் அணுவை நடுவழியில் நிறுத்தக் கால்ச்சிஸின் என்ற விஷம் உதவியது. நம் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில், இருப்பதும் அதே விஷம்தான்.

மலைக்குத் திரும்பி இதைப் பாயிடம் விவரித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஊற வைக்கிறது, உப்ப வைக்கிறது, விரிச்சுப் போடுறது, சாயம் ஏத்துறது. இது எங்க தொழில்தானே சார்!"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஆனால் கட்டியில் குரோமோசோம் ஒன்று கூடியோ குறைந்தோ இருப்பது வேறு, நிலையின்மை வேறு. ஒவ்வொரு பிரிவிலும் கணக்கு மாறிக்கொண்டே போவதுதான் நிலையின்மை. அதை ஓர் அணுவைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல அணுக்களை எண்ண வேண்டும். இப்போது ஒளிரும் சாயத்தைக் குறிப்பிட்ட குரோமோசோமில் மட்டும் ஒட்டச் செய்கிறார்கள். மெழுகில் பொதிந்த பழைய சதையைச் சீவிக்கூட இதைச் செய்யலாம். சரியான அணுவில் இரண்டு புள்ளிகள் மின்னும். நிலையற்ற கட்டியில் ஓர் அணுவில் இரண்டு, பக்கத்து அணுவில் மூன்று, அடுத்ததில் ஐந்து! கத்தி பட்டுச் சில கருக்கள் பாதியாய்ப் போவதால், பொறுமையாகப் பலவற்றை எண்ணுவார்கள். 1997-ல் பால்டிமோர் விஞ்ஞானிகள் பெருங்குடல் புற்றணுக்களில் இப்படி எண்ணித்தான், அவற்றில் பல நிற்காமல் தடுமாறுவதைக் காட்டினார்கள்.

பாய்க்கு இதெல்லாம் பதிலாகாது.

"பைக்ரோமேட்டிலே ஆசிட் விட்டு வெல்லம் போடுவோம் சார். ஆரஞ்சு பச்சையாயிடும். அண்ணன்தான் கிளறுவார்" என்றார்.

பச்சைக் குரோமைவிட அந்த ஆரஞ்சுக் குரோம்தான் பொல்லாதது. அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1990-ல் தீர்மானித்தது. வட ஆற்காட்டுத் தோல் தொழிலாளர்களின் ரத்தத்தைக் கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். உடைந்த குரோமோசோம்களும், பங்கீட்டில் விடுபட்ட துண்டுகள் தனியே சுருண்ட சிறு கருக்களும் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். ஆனால் அது கூட்டத்தின் கணக்கு. ஒரு மனிதனின் கட்டியில் இழை உடைந்திருப்பதைச் சாயம் காட்டும். உடைத்த கை எது என்று காட்டாது.

சொன்னேன். பாய் வெகு நேரம் பேசவில்லை.

"அண்ணன் பீடியும் குடிப்பார்" என்றார் பிறகு.

கேட்டைப் பூட்ட எழுந்தவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அந்த மெழுகைக் கேட்டாத் தருவாங்களா சார்? மையத்தோட சேர்த்து அடக்கம் பண்ணியிருக்கணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.