பக்தாதின் கதைசொல்லிகளும் பதினேழு அஹ்மதுகளும்

ஹிஜ்ரி 279ஆம் ஆண்டில் (கி.பி. 892) பக்தாத் நகரில் ஓர் அறிவிப்புச் செய்யப்பட்டது. கதைசொல்லியோ, சோதிடரோ, குறிசொல்பவரோ இனித் தெருக்களிலும் ஜும்ஆப் பள்ளிவாசலிலும் அமரக் கூடாது என்பதே அது. வரலாற்றாசிரியர் இமாம் தபரீ (ரஹ்) இதைப் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாண்டுகள் கழித்து அதே நகரில் கதைசொல்லிகளுக்கு மீண்டும் ஒரு தடை விதிக்கப்பட்டது. முதல் தடை எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

சோதிடர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்ட இவர்கள் யார்? அரபியில் இவர்களுக்குக் ‘குஸ்ஸாஸ்’ என்று பெயர். பள்ளிவாசலில் அமர்ந்து, முன்சென்ற நபிமார்களின் வரலாறுகளையும் மறுமைச் செய்திகளையும் கதையாக எடுத்துரைத்து மக்களுக்கு உபதேசம் செய்தவர்கள். இந்தப் பணி இழிவான ஒன்றாகத் தொடங்கவில்லை. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கூற வரும் குர்ஆன், அதை மிக அழகிய வரலாறு என்றே அறிமுகப்படுத்துகிறது.

மேடைப் பேச்சில் கதைக்குள்ள வலிமையை அறிய, அபிசீனியாவின் அரசவையில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஆற்றிய உரையைவிடச் சிறந்த சான்று நமக்குத் தேவையில்லை. அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம்களைத் திருப்பி அழைத்துச் செல்லக் குறைஷியர் தூதர்களை அனுப்பியிருந்தனர். அத்தூதர்கள் கைநிறையக் காணிக்கைகளோடு வந்திருந்தனர். ஜஅஃபரிடம் சொல் மட்டுமே இருந்தது. அவர் கொள்கை விளக்கத்தில் தொடங்கவில்லை. தம் மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதில் தொடங்கினார்: சிலைகளை வணங்கியது, செத்த பிராணியைத் தின்றது, உறவுகளை முறித்தது, எளியோரை வலியோர் விழுங்கியது. பிறகே தங்களிடையே ஒரு தூதர் வந்ததையும், அதனால் தங்கள் வாழ்வு மாறியதையும், அதற்காகவே தாங்கள் துன்புறுத்தப்பட்டதையும் சொன்னார். சொந்த இனத்தின் வெட்கக்கேட்டை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அந்த உரை நம்பப்பட்டது என்று நாம் கருதுகிறோம். கிறிஸ்தவரான நஜ்ஜாஷி மன்னர் ஓதிக்காட்டச் சொன்னபோது, ஜஅஃபர் தேர்ந்தெடுத்தது மர்யம் அத்தியாயத்தின் தொடக்கம். மன்னரின் தாடி நனையும் அளவுக்குக் கண்ணீர் வழிந்தது என்கிறது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில், தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் அனுமதி கேட்டுப் பெற்றே மக்களிடையே வரலாறுகளைச் சொன்னார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. இதே பணியைப் பற்றி வேறொருவர் கேட்டபோது, உமர் (ரலி) சுட்டிக்காட்டியது கேட்போருக்கு வரும் ஆபத்தை அன்று, சொல்பவருக்கு வரும் ஆபத்தை. சொல்லச் சொல்ல, மக்களைவிடத் தாம் உயர்ந்தவர் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடும் என்பதே அவர்களின் அச்சம்.

காலம் செல்லச் செல்ல, கூட்டமும் காசும் சேர்ந்தன. மக்கள் அழவும் வியக்கவும் வேண்டும் என்பதற்காக ஹதீஸ்கள் இட்டுக்கட்டப்பட்டன. இதைக் காட்டப் புகழ்பெற்ற ஒரு சம்பவம் கூறப்படுவதுண்டு. பக்தாதின் ருஸாஃபா பள்ளிவாசலில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் தொழுதார்களாம். ஒரு கதைசொல்லி எழுந்து, அவ்விருவரின் பெயரையே அறிவிப்பாளர் தொடரில் வைத்து, கலிமாவைச் சொல்பவருக்கு அதன் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் தங்க அலகுடைய ஒரு பறவை படைக்கப்படும் என்று ஏறக்குறைய இருபது ஏடு அளவுக்கு அளந்தாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர் காசு வசூலித்து முடித்ததும் யஹ்யா கையசைத்து அழைத்தார். அன்பளிப்பு கிடைக்கும் என்று எண்ணி வந்தவரிடம், “நான்தான் யஹ்யா, இவர்தான் அஹ்மத்” என்றார். அந்த மனிதர் சற்றும் அசரவில்லை. உலகில் உங்களைத் தவிர வேறு யஹ்யாவும் அஹ்மதும் இல்லையா, நான் பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் ஹதீஸ் எழுதியிருக்கிறேன் என்றாராம்!

இந்தச் சம்பவத்தைத் தம் நூலில் எடுத்தெழுதியவர்களில் ஒருவர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ஹிஜ்ரி 597இல் மறைந்தவர்). கதைசொல்லிகளைக் கண்டிக்கவும் நெறிப்படுத்தவும் தனி நூலே இயற்றியவர். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்தவர். அவரே தம் காலத்தின் தலைசிறந்த சொற்பொழிவாளராகவும் விளங்கினார். 1184ஆம் ஆண்டு பக்தாத் வந்த அந்தலுஸ் பயணி இப்னு ஜுபைர் அவருடைய அவைகளில் அமர்ந்திருக்கிறார். இருபதுக்கும் மேற்பட்ட காரிகள் இருவர் மூவராக முறைவைத்து வசனங்களை ஓதுவார்கள். ஓதப்பட்ட வசனங்களை அதே வரிசையில் எடுத்து, இமாம் அங்கேயே தம் உரையைத் தொடுப்பார். மக்கள் கதறியழுது அவர் முன் தவ்பா செய்தனர். இந்த ஓர் அவைக்காகவே கடலும் பாலையும் கடந்து வந்திருக்கலாம் என்னும் அளவுக்கு இப்னு ஜுபைர் மெய்மறந்து எழுதுகிறார்.

ஆனால் கதையின் ஈர்ப்பு அவரையும் விடவில்லை. அவருடைய உபதேச நூல்களில் ஆதாரமற்ற செய்திகள் நிறைய இடம்பெற்றுள்ளன என்று பிற்காலத்து அறிஞர் சகாவீ (ரஹ்) குறை கூறினார். பொய்யைப் பொறுக்கி எடுத்துத் தொகுத்த அதே பேனா, கேட்போரை உருக்க வேண்டிய இடத்தில் சற்று நெகிழ்ந்துவிட்டது.

ருஸாஃபா சம்பவத்தின் கதியும் அதுவே. ஹிஜ்ரி 748இல் மறைந்த திமிஷ்க் நகரத்து இமாம் தஹபீ (ரஹ்), அதன் அறிவிப்பாளர் தொடரைச் சோதித்தார். அதை அறிவிக்கும் இப்ராஹீம் இப்னு அப்துல் வாஹித் யாரென்றே தெரியவில்லை, இது அவரே புனைந்ததாக இருக்குமோ என அஞ்சுகிறேன் என்று எழுதிவிட்டார். பொய்க்கதைகளை எச்சரிக்கச் சொல்லப்பட்ட கதையின் மீதே அந்த ஐயம் விழுந்தது. இன்றும் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைக் கண்டிக்கும் பயான்களில் தங்க அலகுப் பறவையும் பதினேழு அஹ்மதுகளும் வரத்தான் செய்கிறார்கள். தஹபீயின் குறிப்பைத்தான் நாம் அரிதாகக் கேட்கிறோம்.