மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குவதால் ஏற்படும் நோயாகும். இந்நோயைத் தனித்து உறுதிப்படுத்தும் ஒரே பரிசோதனை என எதுவும் இல்லை. பல சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்தே நரம்பியல் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். எனவே, சிலருக்கு நோய் உறுதியாகச் சில மாதங்கள் கூட ஆகலாம்.

மருத்துவர் எதை ஆராய்கிறார்?

நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், வெவ்வேறு காலங்களில் பாதிப்பு ஏற்பட்டுள்ளதா என்பதே முதன்மையான கேள்வி. இதற்கு, 2001-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்ட் அளவுகோல்கள் பயன்படுகின்றன.

மேற்கொள்ளப்படும் பரிசோதனைகள்

• நோய் வரலாறு: ஒரு கண்ணில் வலியுடன் பார்வை மங்குதல், கை கால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல் போன்றவை காய்ச்சலின்றி 24 மணி நேரமாவது நீடித்தனவா என்று கேட்கப்படும். தாமாகவே சரியாகிவிட்ட பழைய தொல்லைகளையும் மறவாமல் கூறுங்கள்.

• எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள தழும்புகளைக் காட்டும். கேடோலினியம் மருந்து செலுத்தப்பட்டால் புதிய பாதிப்புகள் தனித்துத் தெரியும். பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகப் பொருள், சிறுநீரக நோய், கர்ப்பம் ஆகியவற்றை முன்னரே தெரிவியுங்கள்.

• முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை: இந்நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் எனப்படும் புரதங்கள் காணப்பட்டால், அவை நோய்க்கு வலுவான சான்றாகும். தண்டுவடம் முடிவடையும் இடத்திற்குக் கீழேயே ஊசி செலுத்தப்படுவதால், கால்கள் செயலிழந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கலாம்.

• இரத்தப் பரிசோதனை: ஒத்த அறிகுறிகளைத் தரும் பிற நோய்களை விலக்குவதற்காகச் செய்யப்படுகிறது. வைட்டமின் பி12 குறைபாடு, நியூரோமைலிடிஸ் ஆப்டிகா ஆகியவை அவற்றுள் சில. எம்.எஸ். மருந்துகள் சில, நியூரோமைலிடிஸ் ஆப்டிகா உள்ளவர்களின் நிலையை மோசமாக்கக்கூடும். ஆகவே, இச்சோதனையைத் தேவையற்றது எனக் கருதாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஒவ்வோர் அறிகுறியும் தோன்றிய நாளையும் நீடித்த காலத்தையும் குறித்து வையுங்கள்.

• பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லுங்கள்.

• முதல் பரிசோதனையில் நோய் உறுதியாகாவிடினும், அறிகுறிகள் மறைந்துவிடினும், மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். புதிய தழும்புகள் அறிகுறியின்றியும் தோன்றலாம். நோய் உறுதியானவுடன் சிகிச்சையைத் தொடங்கினால் அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்க இயலும்.

திடீரெனப் பார்வை மங்கினாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற் போனாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.