மஞ்சப்பையும் மஞ்சள் மையும்

துணிக்கடைப் பை, பாத்திரக்கடைப் பை, கல்யாணத் தாம்பூலப் பை... கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு கொத்து தொங்காத வீடு எங்க கெங்கவல்லிப் பக்கம் கிடையாது. கைப்பிடி தாங்குமான்னு இழுத்துப் பார்ப்போம். மேல அடிச்சிருக்கற மையில என்ன இருக்குன்னு யாராவது கேட்டிருக்கோமா மக்களே?

அமெரிக்காவுல கேட்டாங்க. 2010 செப்டம்பர்ல வெக்மன்ஸ் என்கிற பல்பொருள் அங்காடி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தற பைகள்ல ரெண்டு டிசைனை விற்பனையிலிருந்து எடுத்தது. ஒண்ணுல பச்சைப் பட்டாணிப் படம். ஒரு நுகர்வோர் அமைப்பு சோதிச்சப்ப 799 பிபிஎம் ஈயம். அங்கே பல மாநிலங்கள்ல பேக்கேஜிங்குக்கு எல்லையே 100 தான். நவம்பர்ல டாம்பா ட்ரிப்யூன் பத்திரிகை வேற கடைப் பைகளையும் சோதிச்சு எழுத, செனட்டர் சார்லஸ் ஷூமர் விசாரணை கேட்டார். 2011ல உணவுக் கம்பெனிகள் காசுல நடக்கற ஒரு அமைப்பும் பைகளைச் சோதிச்சு அறிக்கை விட்டது (பையிலயும் அரசியல்!). காசு யாருதுன்னு பார்க்கணும்தான். அதுக்காக ஈயம் இல்லைன்னு ஆயிடாது.

வில்லன் பெயர் லெட் குரோமேட். 1797ல பாரிஸ்ல வோக்லன் என்பவர் சைபீரியாவுல கிடைச்ச ஒரு சிவப்புத் தாதுவை ஆராய்ஞ்சு குரோமியத்தைக் கண்டுபிடிச்சார். அந்தத் தாதுதான் லெட் குரோமேட். அதையே செயற்கையா தயாரிச்சா பளீர் மஞ்சள். விலை மலிவு, அடிநிறத்தை நல்லா மறைக்கும். நீலம் கலந்தா பச்சை. அதனால பச்சை மையிலயும் ஒளிஞ்சிருக்கலாம்.

பையைத் தொட்ட உடனே விஷம் ஏறிடாது. மை உதிர்ந்து தூளாகி காய்கறியிலயோ குழந்தை வாயிலயோ போறதுதான் கவலை. குழந்தை மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது.

நம்ம ஊர்ல 1999லயே மறுசுழற்சி பிளாஸ்டிக் பைக்கு, உணவோட படக்கூடிய பிளாஸ்டிக்குக்கு அனுமதிச்ச நிறமிகளை மட்டும்தான் சேர்க்கணும்னு விதி வந்தாச்சு. வீட்டு பெயின்ட்டுக்கு 2017 நவம்பர்லேர்ந்து 90 பிபிஎம் எல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனா பிளாஸ்டிக் பைக்குப் போட்ட நிறமி விதி துணிப்பைக்குப் பொருந்தாது. துணிச்சாயம் வேற சமாச்சாரம். நான் கேட்கறது அதுமேல அடிக்கற கடைப்பேரைப் பத்தி.

இதே லெட் குரோமேட்டை வங்கதேசத்துல மஞ்சள்லயே கலந்தாங்க. மஞ்சள் விளையற நம்ம சேலம், ஈரோடுக்காரங்களுக்கு இது சுருக்குன்னு தைக்கணும். 2019ல சந்தை மாதிரிகள்ல 47 சதவீதத்துல ஈயம். அரசாங்கம் எக்ஸ்ரே கருவியோட மொத்தச் சந்தைக்கே போய் அங்கேயே சோதிச்சு அபராதம் போட்டது. 2021ல பூஜ்யம்!

அந்த மாதிரிக் கருவியை ஒருநாள் ஆத்தூர் பக்கம் கொண்டுவந்து நம்ம பைகள் மேலயும் வச்சுப் பார்த்தா தேவலை. அதுவரைக்கும் எங்க வீட்டுல கீரை வாங்கப் போறது எழுத்தே இல்லாத காடாத்துணிப் பை.