பதிமூன்றாம் நம்பர் சேனலும் ஓர் அரசு மடிக்கணினியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். கூடவே கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் இளைய மகள். அவள் கையில் துணிப்பை, அதற்குள் ஒரு லேப்டாப். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. அந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

"சார், வைஃபை கார்டு போயிடுச்சு, புதுசு வாங்குங்கன்னு கடையில சொல்லிட்டாங்க. தண்டல் எடுத்தாவது வாங்கிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்ன நீங்க ஒரு தடவ பாத்துடுங்க."

தண்டல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காபி இறங்கவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு அதன் அருமை தெரியும்.

பழைய விண்டோஸ் ஊர்ந்து ஊர்ந்து போகிறதென்று யாரோ ஒரு பையன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். திறந்து, மேலே ஓரத்தில் இருக்கும் நெட்வொர்க் மெனுவைத் தட்டினேன். என் வீட்டு வைஃபை பெயர் வந்தது. பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாம் வந்தன. கடவுச்சொல் போட்டதும் இணைந்துவிட்டது. கார்டு போயிருந்தால் இதெல்லாம் எப்படி வரும்?

"இங்க வருது தாத்தா. எங்க வீட்டுலதான் எங்க பேரு மட்டும் வரமாட்டேங்குது. அப்பா போன்ல வருது, இதுல வரல" என்றாள் பெண்.

பாதி விடையை அவளே சொல்லிவிட்டாள். பட்டியல் முழுக்கக் காலி என்றால் ஒரு வியாதி, ஒரே ஒரு பெயர் மட்டும் காணோம் என்றால் அது வேறு வியாதி. சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு காலடிப்பேட்டைக்கு நடந்தேன்.

முழுக்கக் காலியாக இருந்த காலமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்நாட்டு லினக்ஸ் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 2005-ல் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் வழியாக 2007-ல் வந்தது 'பாஸ்' லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, இந்திய மொழிகளில் இயங்கும். அதே காலத்தில் எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கிருந்த கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, பெட்டிக்குள் விண்டோஸும் இருந்தது, பாஸும் இருந்தது. உலகத்தில் எத்தனையோ ஊர்களில் லினக்ஸ் என்பது இன்ஜினியர்கள் சமாச்சாரம். இங்கே மீன்பிடி வலை காயும் வீட்டுத் திண்ணையிலும் அது இருந்தது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அப்போது பிள்ளைகள் என்னிடம் மெனுவைக் காட்டி, "சார், ஒண்ணுமே வரல" என்பார்கள். பல வீடுகளில் காரணம் எளிது: தெருவிலேயே வைஃபை கிடையாது. காற்றில் இல்லாததை மெனு எப்படிக் காட்டும்? துடிப்பான பையன்கள் சிலர் புதிதாக டெபியனைப் போட்டுப் பார்த்து வேறு வகையில் மாட்டிக்கொண்டார்கள். கார்டுக்குள் ஓடவேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளின் மூலநிரலைப் பல தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. கட்டற்றதல்ல என்பதால் டெபியன் அதைத் தன் நிறுவல் தட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தது. வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும்! கேபிள் வயரைத் தேடி அலைந்தோம். 2022-ல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் அதை நிறுவல் தட்டிலேயே சேர்த்தார்கள்.

காலடிப்பேட்டை வீட்டில் இன்றைக்கு நிலைமை தலைகீழ். மெனுவைத் திறந்தால் இருபது பெயருக்கு மேல். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு ஒரு பெட்டி. அலமாரி மேல் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் இவர்கள் பெட்டியின் பெயர் மட்டும் அதில் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையோ என்று முதலில் நினைத்தேன். பழைய கார்டுகள் பல 2.4-ஐ மட்டுமே பார்க்கும். ஆனால் இவர்களுடையது 2.4 மட்டும் தரும் பெட்டி. வைஃபைகளை அளந்து காட்டும் ஒரு செயலியை என் போனில் ஓட்டினேன். விஷயம் வெளியே வந்தது. பெட்டி 13-ஆம் சேனலில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒரு வால்வு ரேடியோ. அதற்கு லைசென்ஸ் புத்தகம் உண்டு. வருஷா வருஷம் தபால் ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்கி வருவார், நானும் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். பாட்டுக் கேட்பதற்கு எதற்கு லைசென்ஸ் என்று அப்போது புரியவில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் என்று வெள்ளைக்காரன் போட்ட இரண்டு சட்டங்கள். இரண்டாவதன்படி, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். காற்று எல்லாருக்கும் பொது, அதிலுள்ள அலை சர்க்காருடையது.

வைஃபை வந்ததே இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியதால்தான். 1985-ல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 1997-ல் வைஃபைக்கான முதல் தரநிலை வந்தது. இந்தியா 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது 2005 ஜனவரியில். அந்த இடைவெளியில் 13 சேனல்கள் அடங்கும். முதல் சேனல் 2412 மெகாஹெர்ட்ஸ், பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் 13-ஆவது 2472. அமெரிக்காவிலோ விளிம்பையொட்டிய பகுதிக்குக் கடுமையான வரம்பு இருப்பதால், அந்த நாட்டுக்கான கருவிகள் வழக்கமாக 11-ஓடு நின்றுவிடும்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். எந்த நாட்டில் எந்த அலை, எவ்வளவு சக்தி என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. டெர்மினலில் 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று அடித்து, எந்த நாட்டுச் சட்டப்படி நடக்கிறாய் என்று கேட்டேன். 'யூஎஸ்' என்றது.

திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சட்டம்! இந்தியா என்று மாற்றிக் கொடுத்தேன். பிரயோஜனமில்லை. கார்டுக்குள்ளேயே தயாரிப்பின்போது அமெரிக்கா என்று எழுதிவைத்துவிட்டார்கள். அப்படி இருந்தால், நாம் வேறு நாடு சொன்னாலும் இரண்டு நாடும் ஒத்துக்கொள்ளும் சேனலை மட்டுமே லினக்ஸ் திறக்கும். அதன் கணக்கில் 13 கிடையாது, அதனால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவர் கடையில் மெனு எப்படி இருந்ததோ யார் கண்டது.

முன்பெல்லாம் வந்துகொண்டிருந்த பெயர் திடீரென ஏன் மறைந்தது? பெட்டியில் சேனல் 'ஆட்டோ' என்று இருந்தது. சுற்றி நெரிசல் கூடக்கூட, ஆளில்லாத ஓரமாகப் பார்த்து அதுவே 13-க்கு ஒதுங்கிவிட்டது. வடசென்னைக்காரனின் புத்திதான் அதற்கும்.

பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்து, அப்பன் போன் வழியாக அமைப்புப் பக்கத்துக்குள் போனோம். 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு, அளந்ததில் நெரிசல் குறைவாகத் தெரிந்த 11-ஐ அந்தப் பெண்ணே வைத்தாள். பெட்டி ஒரு நிமிஷம் அணைந்து எரிந்தது. லேப்டாப் மெனுவில் நாலாவது வரியில் அவர்கள் வீட்டுப் பெயர். அவள் பாட்டியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"அப்போ தண்டல் வேணாமா சார்?" என்றான் அவன்.

"இந்தப் படிப்பு முடியற வரைக்கும் இது ஓடும்டா" என்றேன். பாட்டரிக்கு மட்டும் நான் உத்தரவாதம் தரவில்லை.

அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் நண்பர்கள் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று இருந்தால் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். முத்திரையில் தபால் ஆபீஸ் பெயர் தெரிகிற மாதிரி எடுங்கள்.