சிந்துவெளி எழுத்துக்களைக் கணினி படித்ததா?

சிந்துவெளி முத்திரைகளில் உள்ள எழுத்துக்களை இன்றுவரை யாராலும் ஐயமறப் படிக்க முடியவில்லை. சராசரியாக ஒரு முத்திரையில் 5 குறிகள்தான் இருக்கின்றன. தெரிந்த மொழி ஒன்றோடு சேர்த்து எழுதிய கல்வெட்டும் கிடைக்கவில்லை. அப்படியானால் என்னதான் செய்வது? எண்ணிப் பார்க்கலாம். எந்தக் குறி எத்தனை முறை வருகிறது, வரியின் தொடக்கத்திலா முடிவிலா, பக்கத்தில் எது வருகிறது என்று பட்டியல் போடலாம். இதற்குத் தொடரடைவு என்று பெயர்.

பல்லாயிரம் குறிகளைக் கையால் எண்ணினால் பிழை வரும். எனவே 1960களில் சோவியத் ஒன்றியத்திலும் பின்லாந்திலும் ஆய்வாளர்கள் கணினியை நாடினார்கள். அஸ்கோ பர்ப்போலாவின் பின்லாந்துக் குழு 1973இல் தொடரடைவை வெளியிட்டது.

அப்போது இந்தியாவில் பெரிய கணினிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன. அவற்றில் ஒன்று பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. அணு விஞ்ஞானிகளோடு வரிசையில் நின்று அதைப் பயன்படுத்திக்கொண்டது ஒரு தொல்லியல் பணி! அதைச் செய்தவர் ஐராவதம் மகாதேவன். தொழிலால் அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1970இல் கிடைத்த நேரு ஆய்வு நல்கை அதற்கு வழி செய்தது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை அவரது நூலை வெளியிட்டது. அதில் 2906 எழுத்துத் தொடர்கள், 417 தனிக் குறிகள். ஜாடி போன்ற ஒரு குறி மட்டும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்திருந்தது. அதுவும் பெரும்பாலும் தொடரின் முடிவில்.

ஆனால் 417 என்ற எண்ணைத் தீர்மானித்தது கணினி அல்ல. தமிழே தெரியாத ஒருவர் 'ஒ', 'ஓ' இரண்டையும் பார்த்தால் ஒரே எழுத்து என்பாரா, இரண்டு என்பாரா? அதே சிக்கல்தான் இங்கும். பர்ப்போலா 1994இல் தந்த பட்டியலில் 386 குறிகளே உள்ளன. எது ஒன்று, எது வேறு என்று மனிதர் முடிவு செய்து எண் கொடுத்த பிறகே இயந்திரம் எண்ணத் தொடங்கியது.

பொறுமையாகச் செய்த அந்தப் பட்டியல் வீண்போகவில்லை. 2009இல் ராஜேஷ் ராவ் உள்ளிட்டோர், குறிகளின் வரிசை மொழிக்குரிய ஒழுங்கோடு இருக்கிறதா என்று கணித்தபோது பயன்படுத்தியதும் மகாதேவனின் தரவுகளைத்தான். இவை எழுத்தே அல்ல என்று 2004இல் வாதிட்டவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை.

2018இல் மகாதேவன் மறைந்தார். 2025இல் இந்தப் புதிரை விடுவிப்போருக்குத் தமிழக அரசு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அன்றைய இயந்திரத்தைவிடப் பல மடங்கு வேகமான கணினி இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆயினும் வேகம் மட்டும் போதாது. எதை எண்ணுவது என்று தெளிவாகத் தீர்மானித்த ஓர் அடிப்படைப் பட்டியல் வேண்டும். வசதி குறைந்த ஒரு நாடு 1977இலேயே அதைத் தந்துவிட்டது என்பதுதான் பெருமை.