பதினோராம் ஆட்டக்காரர்



கிரிக்கெட் ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தில் விடை காண முடியாத ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஓர் அணியில் ஒன்பது விக்கெட்டுகள் விழுந்துவிட்டன. ஒரு முனையில் கைதேர்ந்த ஆட்டக்காரர் நிற்கிறார். மறுமுனைக்குப் பதினோராம் ஆட்டக்காரர் வந்து சேருகிறார். அவர் பந்து வீசுவதற்காகவே அணியில் இடம்பெற்றவர்; மட்டை பிடிப்பதில் தடுமாறுபவர். இந்நிலையில் வல்லவர் தாமே பெரும்பாலான பந்துகளை எதிர்கொண்டு, எளியவரைப் பந்துவீச்சாளரின் கைக்கு எட்டாதபடி மறைத்து நிறுத்த வேண்டுமா? அல்லது அவரையும் ஓர் ஆட்டக்காரராக மதித்து, கிடைக்கும் ரன்களையெல்லாம் எடுத்து ஆட வேண்டுமா?

மறைத்து நிறுத்துவது எவ்வாறு என்பதை முதலில் கூறிவிடுகிறேன். ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள். ஓவர் முடிந்ததும் பந்துவீச்சு எதிர் முனையிலிருந்து தொடங்கும். ஒரு ரன்னோ மூன்று ரன்னோ ஓடினால் ஆட்டக்காரர் இருவரும் முனை மாறிவிடுவர். இரண்டு ஓடினாலும் நான்கு அடித்தாலும் மாறுவதில்லை. ஆகவே வல்லவர் ஓவரின் தொடக்கத்தில் ஒற்றை ரன் எளிதாகக் கிடைத்தாலும் ஓட மறுப்பார். கடைசிப் பந்தில் மட்டும் ஒரு ரன் ஓடுவார். அடுத்த ஓவரும் அவருக்கே வந்து சேரும். எதிரணித் தலைவரும் இந்தக் கணக்கை அறியாதவர் அல்லர். முதல் நான்கு பந்துகளுக்குத் தம் ஆட்களை எல்லைக்கோட்டருகே நிறுத்தி, ஒரு ரன்னை வலிய வழங்குவார். பிறகு அவர்களை அருகே அழைத்து, அதே ஒரு ரன்னைக் கிடைக்கவொட்டாமல் அடைப்பார். வழங்கும்போது வேண்டாம் என்பதும், அடைக்கும்போது வேண்டும் என்பதுமாக நடக்கும் இந்த வழக்காட்டம் மிகச் சுவையானது.

பழைய காலத்தில் இதற்கு அவ்வளவு இடமில்லை. இங்கிலாந்தில் 1888 வரை ஓர் ஓவருக்கு நான்கே பந்துகள். 1889-இல் ஐந்தாயின, 1900-இல்தான் ஆறாயின. நான்கு பந்துகளுக்கு ஒருமுறை முனை மாறும்போது ஒருவரை மறைத்து வைப்பது எளிதன்று. ஆஸ்திரேலியாவிலோ 1978-79 பருவம் வரை நெடுங்காலம் எட்டுப் பந்து ஓவர் வழங்கியது.

ஆறு பந்து ஓவர் வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1902 ஆகஸ்டில், லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரு டெஸ்ட் பந்தயம். ஆஸ்திரேலியாவை வெல்ல இங்கிலாந்துக்கு 263 ரன்கள் தேவை. 48 ரன்னுக்குள் ஐந்து விக்கெட்டுகள் போயின. ஜெஸ்ஸாப் என்பவர் புயல்போல் ஆடி 104 எடுத்து நம்பிக்கை ஊட்டினார். எனினும் இன்னும் 15 ரன்கள் வேண்டியிருந்தபோது ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தது. ஜார்ஜ் ஹர்ஸ்ட் நின்றுகொண்டிருந்தார். வில்பிரட் ரோட்ஸ் உள்ளே வந்தார். இருவரும் யார்க்ஷயரில் ஒரே ஊரில் பிறந்தவர்கள். "ஒற்றை ஒற்றையாகவே எடுத்து முடிப்போம்" என்று ஹர்ஸ்ட் கூறியதாக ஒரு கதை உண்டு. அது பிற்காலத்தவர் கட்டிய கதை என்பதே ஆராய்ந்தவர்களின் முடிபு. சொல் பொய்யாயினும் செயல் ஏறக்குறைய அவ்வாறே நடந்தது. பெரும்பாலும் ஒற்றை ரன்களாகவே அந்தப் பதினைந்தும் வந்தன. ஒற்றை ரன் எடுப்பதென்றால், மாறி மாறி இருவருமே பந்தை எதிர்கொள்வது என்றுதான் பொருள். ரோட்ஸ் ஆட்டமிழக்காமல் 6 எடுத்தார். இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது.

அந்த ரோட்ஸின் பிற்கால வரலாறு இன்னும் வியப்பானது. பதினோராம் ஆட்டக்காரராக வந்த அவரே படிப்படியாக உயர்ந்து, 1912-இல் மெல்போர்ன் நகரில் ஜாக் ஹாப்ஸுடன் முதல் ஆட்டக்காரராக இறங்கி, முதல் விக்கெட்டுக்கு 323 ரன்கள் சேர்த்தார். எளியவர் என்பது ஒருவருக்கு என்றென்றைக்கும் இட்ட பெயர் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லாக் கடைசி ஆட்டக்காரரும் ரோட்ஸ் ஆகிவிடுவதில்லை. நம் நாட்டுச் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கரத்தினாலேயே சுழற்பந்து வீசி, 58 டெஸ்ட் பந்தயங்களில் 242 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அத்தனை பந்தயங்களிலும் மட்டை பிடித்து அவர் எடுத்த ரன்கள் மொத்தம் 167! எடுத்த ரன்களைவிட வீழ்த்திய விக்கெட்டுகள் மிகுதி. 1975 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, சென்னைச் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவு அணியுடன் நடந்த பந்தயத்தில், ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு நம்மவர் ஒவ்வொருவராக வீழ்ந்தனர். ராபர்ட்ஸ் 64 ரன்கள் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். குண்டப்பா விஸ்வநாத் ஒருவரே நிலைத்து நின்றார். மறுமுனையில் இறுதியாகச் சந்திரசேகர். சந்திரசேகரை ராபர்ட்ஸின் பந்துகளுக்கு நிறுத்திவைப்பது மதிப்பளிப்பது ஆகாது. விக்கெட்டைத் தானமாகக் கொடுப்பதே ஆகும். விஸ்வநாத் இயன்றவரை தாமே ஆடினார். முடிவில் சந்திரசேகர் ஆட்டமிழக்க, விஸ்வநாத் 97 ரன்னுடன் நின்றுவிட்டார். அணியின் மொத்தம் 190. நூறுக்கு மூன்று குறைந்த அந்தத் தொண்ணூற்றேழை, பல நூறுகளுக்கு மேலாகப் போற்றுவோர் இன்றும் உளர். இந்தியா அப்பந்தயத்தில் 100 ரன்களில் வென்றது.

அங்கே மறைத்தது முற்றிலும் முறையே என்பது என் கருத்து. வேறொரு காரணமும் உண்டு. அந்நாளில் தலைக்கவசம் இல்லை. எளியவரை மறைப்பது விக்கெட்டைக் காப்பது மட்டுமன்று, உயிரைக் காப்பதும் ஆகும். சேப்பாக்கத்துப் பந்தயம் முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதே 1975 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில், தம் முதல் டெஸ்டை ஆடிய ஈவன் சாட்ஃபீல்ட் என்னும் பந்துவீச்சாளர் பதினோராம் ஆட்டக்காரராக நின்றார். ஜெஃப் ஹோவர்த்துடன் சேர்ந்து இங்கிலாந்தின் வெற்றியைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டிருந்தார். இங்கிலாந்தின் பீட்டர் லீவர் எழும்பு பந்து ஒன்றை வீசினார். அது சாட்ஃபீல்டின் கையுறையில் பட்டு நெற்றிப் பொட்டைத் தாக்கியது. அவர் சுருண்டு விழுந்தார். இதயத் துடிப்பே நின்றுவிட்டது. இங்கிலாந்து அணியின் உடற்பயிற்சி மருத்துவர் பெர்னார்டு தாமஸ் ஓடிவந்து, மார்பை அழுத்தியும் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டியும் அவரை மீட்டார். தாம் ஒருவரைக் கொன்றுவிட்டோம் என்று எண்ணி லீவர் மைதானத்திலேயே கண்ணீர் வடித்தார். பந்தின் வேகம், உயரம், திசை இவற்றோடு எதிரே நிற்பவரின் திறமையையும் நடுவர் எடை போட்டே அது ஆபத்தான வீச்சா என்று தீர்மானிக்க வேண்டும் என இன்றைய சட்டம் கூறுவதன் பின்னால் இத்தகைய நிகழ்ச்சிகளின் நினைவு இருக்கிறது.

சாட்ஃபீல்ட் அத்துடன் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. அவரை மீண்டும் சந்திப்போம். அதற்கு முன் மெல்போர்னுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

1982 டிசம்பர் இறுதி. இங்கிலாந்தை வெல்ல ஆஸ்திரேலியாவுக்கு 292 ரன்கள் தேவை. 218-இல் ஒன்பது விக்கெட்டுகள் போய்விட்டன. ஆலன் பார்டருடன் வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சன் சேர்ந்தார். வேண்டியவை இன்னும் 74. இங்கிலாந்துத் தலைவர் பாப் வில்லிஸ் நான் முன்பு சொன்ன உபாயத்தைக் கையாண்டார். பார்டர் ஆடும்போது ஆட்களை எல்லைக்கு அனுப்பி ஒரு ரன்னைத் திறந்துவிட்டு, தாம்சனைத் தாக்குவதே திட்டம். ஆனால் தாம்சன் அசையவில்லை. நான்காம் நாள் மாலைக்குள் 37 ரன்கள் சேர்ந்துவிட்டன. எஞ்சியவையும் 37. மறுநாள் காலை ஒரே பந்தில் ஆட்டம் முடிந்துவிடக்கூடும் என்று தெரிந்தும், நுழைவுக் கட்டணம் இல்லாமையால் 18,000 பேர் வந்து அமர்ந்தனர். வெற்றிக்கு நான்கே ரன்கள் இருந்தபோது போத்தம் வீசிய பந்து தாம்சனின் மட்டை விளிம்பில் பட்டுச் சென்றது. ஸ்லிப்பில் நின்ற டவாரே அதைப் பிடிக்க முடியாமல் மேலே தட்டிவிட, பின்னால் ஓடிய மில்லர் தாவிப் பிடித்தார். இங்கிலாந்து மூன்று ரன்களில் வென்றது. பார்டர் 62 எடுத்து நின்றார், தாம்சன் 21. எளியவர் என்று குறிவைக்கப்பட்டவரை வீழ்த்த ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வல்லவருக்குத் தாராளமாக வழங்கிய ஒற்றை ரன்கள் பந்தயத்தையே கைமாற்றி விட இருந்தன. வில்லிஸின் உபாயம் பலித்ததா, தவறிப் பலித்ததா என்று இன்றும் கேட்கலாம்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு சொல். நான் வகுப்பாசிரியனாய் இருந்த காலத்தில் ஆய்வாளர் வரும் நாளன்று, நன்றாக வாசிக்கும் பையனையே எழுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆய்வாளர் மகிழ்ந்து கையெழுத்திட்டுச் சென்றார். பின்வரிசையில் இருந்தவன் அன்று வாசிக்கவில்லை. அடுத்த நாளும் வாசிக்கவில்லை. ஓட மறுக்கும் ஒவ்வொரு ரன்னும் மறுமுனையில் நிற்பவர் காதில் ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பதை அப்போது நான் உணர்ந்தேனில்லை.

இப்போது சாட்ஃபீல்டிடம் வருவோம். ஆக்லந்து நிகழ்ச்சி நடந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழிந்தன. 1985 பிப்ரவரியில் டனீடன் நகரில் பாகிஸ்தானுடன் பந்தயம். நியூசிலாந்துக்கு இலக்கு 278. எட்டு விக்கெட்டுகள் 228-இல் விழுந்தன. தலைக்கவசம் அணியாமல் ஆடிய லான்ஸ் கெய்ர்ன்ஸ், இளைஞர் வாசிம் அக்ரமின் பந்து தலையில் பட்டு ஏற்கனவே வெளியேறியிருந்தார். ஆகவே ஜெரமி கோனியும் சாட்ஃபீல்டுமே கடைசி ஜோடி போல ஆயினர். முன்பு பந்து பட்டு உயிர் போய் மீண்டவர், சற்று முன்தான் தம் தோழரின் தலையில் பந்து பட்டதைக் கண்டவர், அதே வாசிம் அக்ரமை எதிர்நோக்கி உள்ளே வந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! கோனி அவரை முழுதும் மறைத்துவிடவில்லை, மறைக்கவும் இயலாது. வேண்டியிருந்த 50 ரன்களில் 21 சாட்ஃபீல்டின் மட்டையிலிருந்து வந்தவை. கோனி 111, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. நியூசிலாந்து வென்றது.

இதே துணிவை நம்மவரிடமும் கண்டோம். 2010 அக்டோபரில் மொஹாலியில், முதுகு வலியுடன் ஆடிய லட்சுமண், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எட்டு விக்கெட்டுகள் இழந்த நிலையில் இஷாந்த் சர்மாவை நம்பிப் பந்துகளை விட்டுக்கொடுத்தார். இருவரும் 81 ரன்கள் சேர்த்தனர். அதில் இஷாந்த் 31. இறுதியில் இந்தியா ஒரு விக்கெட்டில் வென்றது.

மறைத்தே வென்றவர்களும் உண்டு. 2019 பிப்ரவரியில் டர்பனில் இலங்கையின் குசால் பெரேரா, கடைசி ஆட்டக்காரர் விஷ்வ பெர்னாண்டோவுடன் சேர்த்த 78 ரன்களில் விஷ்வவின் பங்கு 6 மட்டுமே. அதே ஆண்டு ஆகஸ்டில் லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் பென் ஸ்டோக்ஸ் செய்தது இன்னும் பெரிது. இலக்கு 359, முதல் இன்னிங்ஸில் 67 ரன்னுக்குச் சுருண்ட அணி அது. ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது 73 ரன்கள் தேவை. கண்ணாடி அணிந்த சுழற்பந்து வீச்சாளர் ஜாக் லீச் வந்தார். ஸ்டோக்ஸ் ஓட மறுத்தும், எல்லைக்கு மேலாக அடித்தும் தாமே ஆடினார். லீச் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தம் பந்துக்காகக் காத்திருந்தார். அவர் எதிர்கொண்டவை 17 பந்துகள். அந்தப் பதினேழில் எதுவும் பந்தயத்தை முடித்திருக்கும். ஆகவே மறைத்தல் என்பது எவ்வளவு திறமையோடு நடந்தாலும், ஒருவரை முழுதும் மறைத்துவிட முடியாது. அந்த லீச்தான் முந்தைய மாதம் லார்ட்ஸில் அயர்லாந்துக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 92 எடுத்தவர் என்பதை அன்று பலர் மறந்தே போயினர்.

இரண்டு ரன்கள் வேண்டியிருந்தபோது ஸ்டோக்ஸ் அடித்த பந்துக்கு லீச் ஓடத் தொடங்கிவிட்டார். ஸ்டோக்ஸ் அசையவில்லை; திரும்பு என்று தடுத்தார். லீச் நடுவழியில் நின்றார். ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் பந்தைப் பிடித்து விக்கெட்டைத் தட்டினால் முடிந்தது. பந்து அவர் கையிலிருந்து நழுவியது. அடுத்த ஓவரில் பாட் கம்மின்ஸ் வீசிய பந்தை லீச் கால் பக்கம் தட்டிவிட்டு ஓடினார். இம்முறை ஸ்டோக்ஸும் ஓடினார். இரு அணிகளின் ரன்களும் சமமாயின. லீச் அன்று எடுத்த ஒரே ரன் அது. ஸ்டோக்ஸ் அடுத்து எல்லைக்கு அடித்து ஆட்டத்தை முடித்தார்.