நகரம் இழந்து நகரம் பெற்ற சொல்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு முதலில் போகும் தாம்பாளம் நாரத்தங்காயுடையது. அம்மா காயைத் துண்டு போடமாட்டார். ஒரு முனையில் கத்தியை வைத்து, அறுந்துவிடாமல், சுருள் சுருளாகக் கீழ்வரை கீறிக்கொண்டே வருவார். இடுக்கெல்லாம் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் ஊறவிட்டு, பிறகு நாள்தோறும் வெயிலில் வைத்தால் கறுத்துச் சுருங்கிப் போகும். தயிர்சாதத்துக்கு அதில் ஒரு கீற்று போதும். அதே வீட்டுப் பழக்கூடையில் ஆரஞ்சும் கிடக்கும். இரண்டும் ஒரே பெயர் என்று நான் சொன்னபோது அம்மா சிரித்தார். “அது இங்கிலீஷ்டா” என்றார்.

அது இங்கிலீஷ் ஆன கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

கேரளத்துப் பெட்டிக்கடையில் ‘நாரங்ஙா வெள்ளம்’ கேட்டால் எலுமிச்சை ஜூஸ் கொடுப்பார்கள். மாங்காய் அவர்களுக்கு மாங்ங, தேங்காய் தேங்ங. அந்தக் கணக்கில் நாரங்ங என்பது நாரங்காய். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ங்ங’ நம் காயின் மிச்சம். முன்பகுதியை ‘நறு’ என்னும் மணத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கும் அது பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது சான்றாகிவிடாது. சமஸ்கிருதத்தின் நாரங்கம் திராவிட மொழியிலிருந்து போன சொல்லாகவே இருக்கவேண்டும் என்பதை மட்டும் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் பலவும் சொல்கின்றன.

அங்கிருந்து பாரசீகத்துக்குப் போய் நாரங் ஆனது, அரபியில் நாரஞ்ச். அரபியர் கையோடு ஸ்பெயினுக்குப் போன சொல் இன்றும் அங்கே ‘நரான்ஹா’ என்று நகரத்தோடு நிற்கிறது. நகரம் என்றால் இங்கே ஊர் அல்ல, ‘ந’ என்னும் எழுத்து. இத்தாலிக்காரர்கள் அதைத் தொலைத்தார்கள். ‘ஒரு’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஊனா’விலேயே ஒரு ‘ன’ இருக்கிறது. அடுத்து வந்த ‘ந’ அதில் கரைந்து, பழம் ‘அரான்ச்சா’ ஆயிற்று. பிரெஞ்சில் பொன்னுக்கு ‘ஓர்’ என்று பெயர். பொன்னிறப் பழத்தின் முதலெழுத்து ‘ஓ’ ஆனதற்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பார்கள். எழுத்தைத் தொலைத்தது ஆங்கிலம்தான் என்றொரு கதை உலவுகிறது. தவறு. ஆங்கிலத்துக்கு வரும்போதே அதற்குத் தலை இல்லை. ஆனால் அந்தக் குற்றத்தை ஆங்கிலம் வேறிடங்களில் செய்திருக்கிறது: சமையலறை ஏப்ரன் முன்பு நேப்ரன், கிரிக்கெட் அம்பயரும் ஒரு காலத்தில் ‘ந’வில் தொடங்கியவர்தான்.

பழம் முதலில் வந்தது, நிறம் பின்னால் வந்தது. அதுவரை ஆங்கிலேயர் அந்த நிறத்தை மஞ்சட்சிவப்பு என்றோ வெறும் சிவப்பு என்றோ சொல்லிச் சமாளித்தார்கள். ராபின் பறவையின் நெஞ்சு செம்மஞ்சள் நிறம். ஆனால் அதற்கு ‘செந்நெஞ்சு’ என்ற பழைய பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறப்பெயராக ஆரஞ்சு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று 1502இன் துணிக்கணக்கு, இளவரசி மார்கரெட் டியூடருக்கு வாங்கிய ஆடைகளைப் பற்றியது.

இனி ஊர் என்ற நகரத்துக்கு வரலாம். தென்பிரான்சில் அவிஞ்ஞோனுக்கு வடக்கே ஆரஞ்சு என்றே எழுதப்படும் ஊர் ஒன்று இருக்கிறது. ரோமானியர் கட்டிய நாடக அரங்கு இன்னும் அங்கே நிற்கிறது. அவர்கள் காலத்தில் ஊரின் பெயர் அராவுசியோ. அது கெல்டிக் நீர்த்தெய்வம் ஒன்றின் பெயர். பழத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாக்குகள் தேய்த்துத் தேய்த்து இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டன, அவ்வளவுதான்.

1544இல் இந்த ஊரின் ஆட்சியுரிமை 11 வயதுப் பையன் ஒருவனுக்கு வந்தது. அவன்தான் பின்னாளில் ஸ்பெயினை எதிர்த்து நெதர்லாந்துக் கிளர்ச்சியை நடத்திய வில்லியம். ஊர்ப்பெயர் அவன் வம்சப்பெயராக, வம்சப்பெயர் நிறமாகி, நிறம் கட்சியாயிற்று. அந்த வழியில் வந்த மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தின் அரசராகி 1690இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் வென்றார். 1795இல் தொடங்கிய ஆரஞ்சு சங்கத்தார் வட அயர்லாந்தில் இன்றும் ஜூலை 12 அன்று அந்த நிறப் பட்டையோடு ஊர்வலம் போகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறும் அந்த வம்சத்தின் பெயரைத்தான் சுமக்கிறது. உலகக் கோப்பையில் நெதர்லாந்து ரசிகர்கள் தலை முதல் கால் வரை ஆரஞ்சாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மொழியில் பழத்தின் பெயரோ வேறு: ‘சீனத்து ஆப்பிள்’. நிறத்துக்கு மட்டுமே ‘ஒரான்யெ’.

வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் காட்டின்மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சுக்குப் பெயர் கொடுத்தது, பீப்பாயின் மேலிருந்த அடையாளப் பட்டை. மருந்து அந்த நிறமல்ல. விமானத்தின் கறுப்புப் பெட்டி இதற்கு நேர்மாறு. பெயர்தான் கறுப்பு, பெட்டி ஆரஞ்சு நிறம்.

நம் பக்கம் பழமும் நிறமும் ஆரஞ்சு என்றே ஆகிவிட்டன. இலங்கைத் தமிழர் பழத்தைத் தோடம்பழம் என்கிறார்கள், நிறத்தைச் செம்மஞ்சள் என்று எழுதுகிறார்கள். சிங்களத்தில் அந்த நிறத்துக்குச் செவ்விளநீரின் பெயர். எனக்குச் செம்மஞ்சள் பிடிக்கும், ஆனால் ஜவுளிக்கடையில் அப்படிக் கேட்டுப் புடவை வாங்க முடியுமா என்று தெரியவில்லை. பழைய ஆட்கள் சிலர் கிச்சிலிப்பழம் என்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த நிறத்துக்கு வேறு பெயர் எதையாவது சொல்லிக் கேட்டிருந்தால், ஊரின் பெயரோடு எனக்கு எழுதுங்கள்.